பழைய முழங்கால் காயமும் இசிஎச்எஸ் அட்டையும்: ஒரு ஹவில்தாரின் கேள்விக்குப் பதில்

கேள்வியின் சுருக்கம்: வேலூர்ப் பக்கத்துக்காரர், வயது 46, 2019-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். சர்வீஸில் இருந்தபோது பிபிஇடி (படையினருக்கான உடல்தகுதித் தேர்வு) ஓட்டத்தில் வலது முழங்கால் திருகி, ஏசிஎல் என்ற முழங்கால் லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) அறுந்து, ராணுவ மருத்துவமனையில் ஆபரேஷன் ஆனது. இப்போது செக்யூரிட்டி வேலை. பன்னிரண்டு மணி நேரம் நின்றே இருக்க வேண்டும். மாலையில் மூட்டு வீங்குகிறது, படி இறங்கும்போது கால் சட்டென்று விட்டுப்போகிறது. இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்கில் வலி மாத்திரைதான் தருகிறார்கள். சொந்தச் செலவில் எடுத்த எம்ஆர்ஐயில் "ஜவ்வு கிழிந்திருக்கிறது" என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர், மூட்டையே மாற்றிவிடலாம் என்கிறார். ஓய்வின்போது சோதித்த ரிலீஸ் மெடிக்கல் போர்டில் 20 சதவீத ஊனம் என்று எழுதிவிட்டு, "சர்வீஸால் வந்ததும் அல்ல, சர்வீஸால் கூடியதும் அல்ல" என்று போட்டதால் டிசபிலிட்டி பென்ஷன் இல்லை. "காயம் பட்டாளத்தில் பட்டது என்று நிரூபித்தால்தான் இசிஎச்எஸ்ஸில் ஆபரேஷன் செய்வார்களா? எங்கிருந்து தொடங்குவது?"

தம்பி, ஆபரேஷன் பற்றிய கேள்விக்கு முதலில் பதில்: நிரூபிக்க வேண்டியதில்லை. அடி மலையில் பட்டதா, மாட்டுக் கொட்டகையில் பட்டதா என்று இசிஎச்எஸ் கேட்காது. 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பென்ஷன் வாங்கும் முன்னாள் படைவீரர் பணம் கட்டி உறுப்பினராகிறார். அதற்குப் பிறகு ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் கட்டாயம் சேர்ந்தாக வேண்டும். உங்களிடமும் ரிலீஸ் ஆகும்போது 30,000 ரூபாய் பிடித்திருப்பார்கள். ஆகவே சிகிச்சை உங்கள் உரிமை, அதற்கு அட்டை போதும். காயம் எப்படிப் பட்டது என்ற கதை தேவைப்படுவது பென்ஷனுக்கு மட்டும். அந்த வழக்கு வேறு, ஆபீஸ் வேறு, காகிதமும் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, "கேஸ் முடியட்டும், அப்புறம் காலைப் பார்க்கலாம்" என்று வருஷக்கணக்கில் நொண்டிக்கொண்டே இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்டாகச் சேர்ந்து சுபேதாராக வெளியே வந்தவன். டாக்டர் அல்ல. கீழே மூட்டைப் பற்றிச் சொல்வதை உங்கள் எலும்பு டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த எம்ஆர்ஐ. "ஜவ்வு கிழிந்திருக்கிறது" என்று படித்ததும் பயந்துபோயிருப்பீர்கள். ஜவ்வு என்று நாம் சொல்வது மெனிஸ்கஸ், தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே இருக்கும் மெத்தை. வயது ஏற ஏற அது தானாகவே நைந்து கிழியும். அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2008-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் மூட்டு வலியே இருந்ததில்லை. அதனால் படத்தில் கிழிசல் தெரிகிறது என்பதற்காக வலி அதனால்தான் வருகிறது என்று சொல்லிவிட முடியாது. 2013-ல் பின்லாந்தில், தேய்மானத்தால் ஜவ்வு கிழிந்த 146 பேரில் ஒரு பாதிப் பேருக்குத் துளை போட்டுக் கிழிசலை வெட்டினார்கள். மறுபாதிக்கு வெட்டுவது போலப் பாவனை மட்டும் செய்தார்கள். ஒரு வருஷம் கழித்து இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை.

இதைவிட நமக்கு நெருக்கமான ஆய்வு 2002-ல் வந்தது. ஹூஸ்டன் நகரில் அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில், மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மூட்டுக்குள் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், ஒரு பிரிவுக்குக் கழுவி மட்டும் விட்டார்கள், இன்னொரு பிரிவுக்குத் தோலில் கீறல் போட்டுத் தையல் போட்டதோடு சரி. இரண்டு வருஷம் கவனித்ததில் மூன்று பிரிவும் ஒன்றுபோலத்தான் இருந்தார்கள். நம்மைப் போன்ற பட்டாளத்துக்காரர்களின் கால்களில்தான் இந்தப் பாடம் தெரியவந்தது. இன்றும் "ஒரு சின்னத் துளை போட்டுக் கிளீன் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால், எதற்காக என்று தயங்காமல் கேளுங்கள்.

ஆனால் உங்கள் கேஸில் ஒரு விஷயம் வேறு. உங்களுக்கு வெறும் தேய்மானம் மட்டும் இல்லை, பழைய லிகமென்ட் ஆபரேஷனும் இருக்கிறது. படி இறங்கும்போது கால் விட்டுப்போவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். தொடைத் தசை இளைத்துப்போயிருக்கும், இல்லை அறுந்த லிகமென்ட்டுக்குப் பதிலாக அன்று வைத்த கிராஃப்ட் தளர்ந்திருக்கும். இதை எம்ஆர்ஐயைவிட டாக்டரின் கை நன்றாகச் சொல்லும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கிவைத்துக் கீழ்க்காலை முன்பக்கமாக இழுத்துப் பார்ப்பார்கள். அதைச் செய்யாமல், படத்தை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஆபரேஷன் தேதி சொல்பவரிடம் இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். எக்ஸ்ரேயும் நின்றபடி எடுத்ததாக இருக்க வேண்டும். படுத்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்புகளுக்கு நடுவே இடைவெளி நன்றாக இருப்பதுபோல் தெரியும். உடம்பின் பாரம் ஏறும்போதுதான் உண்மையான தேய்மானம் தெரியும்.

சில நிலைகளில் காத்திருக்கக் கூடாது. முழங்கால் பாதி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போனால், கிழிந்த ஜவ்வு இடுக்கில் சிக்கியிருக்கலாம். அதற்கு ஆபரேஷன் தேவைப்படும். மூட்டு சிவந்து, சூடாகி, கூடவே காய்ச்சல் வந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலும் அப்படியே.

மூட்டு மாற்று விஷயத்துக்கு வருவோம். அது நல்ல ஆபரேஷன். 100 பேருக்குச் செய்தால் 82 பேருக்கு 25 வருஷம் தாங்குகிறது என்று 2019-ல் லான்செட் இதழில் வந்தது. ஆனால் அதே இதழில் 2017-ல் வந்த இன்னொரு கணக்கையும் கூடவே படிக்க வேண்டும். பிரிட்டனில் 70 வயதுக்கு மேல் மாற்றிக்கொண்டவர்களுக்கு வாழ்நாளில் மறுபடி ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு 5 சதவீதம் அளவுதான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களுக்கோ அது 35 சதவீதம் வரை போகிறது. உங்களுக்கு 46. இரண்டாம் முறை மாற்றுவது முதல் முறையைப் போல் எளிதல்ல. நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் எலும்போடு எலும்பு உரசுகிறது, ராத்திரி தூக்கம் இல்லை, எல்லா வழியும் பார்த்தாகிவிட்டது என்றால் 46-லும் செய்யத்தான் வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இன்னும் அந்த இடத்துக்கு வந்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் என்ன செய்வது? தொடையை உருவாக்குங்கள். முழங்கால் ஒரு கீல் என்றால் அதைப் பிடித்து நிறுத்துகிற மரச்சட்டம் தொடைத் தசைதான். சட்டம் இற்றுப்போன கதவில் கீலை மட்டும் மாற்றி என்ன பயன்? இரண்டு கால்களின் தொடையையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். முழங்கால் சில்லுக்கு மேலே இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் அளக்க வேண்டும். வலது தொடை சிறுத்திருந்தால் வேலை அங்கேதான் இருக்கிறது. பிசியோதெரபிஸ்டிடம் முறையாகக் கற்றுக்கொண்டு, காலை நீட்டித் தூக்குவது, முழங்காலுக்குக் கீழே துண்டைச் சுருட்டிவைத்து அழுத்துவது, சுவரில் சாய்ந்து பாதி உட்காருவது, பக்கவாட்டில் படுத்துக் காலை உயர்த்துவது ஆகியவற்றை மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். நமக்கு பி.டி. என்கிற உடற்பயிற்சி என்றால் ஓட்டமும் தண்டாலும்தான் நினைவுக்கு வரும். இந்தப் பயிற்சிகள் குழந்தை விளையாட்டு மாதிரித் தெரியும். அதனாலேயே இரண்டாவது வாரத்தில் விட்டுவிடுகிறோம். சைக்கிள் இருந்தால் சீட்டை உயர்த்திவைத்து ஓட்டுங்கள். பழைய கெத்தில் திரும்ப ஓட ஆரம்பிக்காதீர்கள்.

எடை கூடியிருந்தால் அதையும் குறைக்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மேல் விழும் சுமை நாலு கிலோ அளவுக்குக் குறைகிறது. படி ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கிற காலை முதலில். கைத்தடி பிடிப்பதானால் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்காலுக்கு இடது கை. பாதிப் பேர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். சம்மணம் போட்டு உட்காருவதையும் குத்துக்கால் கழிப்பறையையும் கொஞ்ச நாள் தவிருங்கள். வேலை செய்யும் இடத்தில் உயரமான ஸ்டூல் ஒன்று கேளுங்கள். கேட்க வெட்கமாக இருக்கும், கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

பாலிகிளினிக் வலி மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் கிட்னியும் கெடும், பிபி ஏறும். முழங்காலுக்கு அதே மருந்தின் ஜெல்லைத் தடவினாலே ஓரளவு பலன் உண்டு, உடம்புக்குள் போவதும் குறைவு. கேட்டு வாங்குங்கள். மாத்திரை தொடர்ந்து தேவைப்பட்டால் கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனைக்கும் எழுதித் தரச் சொல்லுங்கள். கேன்டீன் கோட்டா மதுவும் வலி மாத்திரையும் ஒரே ராத்திரியில் உள்ளே போனால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். ராணுவ மருத்துவமனை வார்டில் அப்படி வந்தவர்களுக்கு டிரிப் போட்டவன் நான். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நிம்மதி தரும். ஆனால் அதையே மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று வழக்கமாக்கினால் குருத்தெலும்பு இன்னும் வேகமாகத் தேயும்.

இனி பாலிகிளினிக்கில் எப்படிக் காரியம் ஆகும் என்று பார்ப்போம். அங்கே மெடிக்கல் ஆபீசர் முன்னால் நாற்பது பேர் வரிசையில் இருப்பார்கள். "கால் வலிக்குது சார்" என்று சொன்னால் மாத்திரைதான் வரும், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு தாளில் நாலே வரி எழுதிக்கொண்டு போங்கள்: எந்த வருஷம் ஏசிஎல் ஆபரேஷன், எத்தனை மாதமாக வீக்கம், வாரத்தில் எத்தனை முறை கால் விட்டுப்போகிறது, கீழே விழுந்திருக்கிறீர்களா. கால் நிலையில்லாமல் விட்டுப்போகிறது, பழைய லிகமென்ட் ஆபரேஷன் இருக்கிறது என்றால் எலும்பு நிபுணரிடம் அனுப்ப அதுவே போதுமான காரணம். அப்படி அனுப்பும் சீட்டை, அதாவது ரெஃபரலை, நீங்களாகவே கேட்கலாம், தவறில்லை.

ராணுவ மருத்துவமனை பக்கத்தில் உள்ள ஊர்களில் முதலில் அங்கே அனுப்புவார்கள். வேலூர் மாதிரி இடங்களில் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கு, அதாவது நாம் எம்பேனல் ஆஸ்பத்திரி என்று சொல்கிற இடத்துக்கு ரெஃபரல் தருவார்கள். பட்டியலில் உள்ளவற்றில் எது என்று தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. எலும்புப் பிரிவுக்கு அந்த மருத்துவமனை சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மட்டும், பல்லுக்கு மட்டும் சேர்ந்த இடங்களும் பட்டியலில் உண்டு.

ரெஃபரல் கையில் வந்ததும் இரண்டு விஷயம் படியுங்கள். எந்தத் தேதி வரை செல்லும்? எதற்கு என்று எழுதியிருக்கிறது, ஆலோசனைக்கு மட்டுமா, பரிசோதனைக்கும் சேர்த்தா, அட்மிஷனுக்கா? ஆலோசனை மட்டும் என்று இருக்கும் சீட்டை வைத்துக்கொண்டு எம்ஆர்ஐ எடுக்கப் போனால் கவுண்டரில் பணம் கேட்பார்கள். நீங்கள் சொந்தச் செலவில் எடுத்த எம்ஆர்ஐ பணம் திரும்ப வராது. அவசரம் இல்லாத எதற்கும் ரெஃபரல் முன்பே இருக்க வேண்டும். அவசரம் என்றால் கதை வேறு. எந்த மருத்துவமனையிலும் சேரலாம், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போய்விட வேண்டும். பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்றால் முதலில் நீங்கள் கட்டிவிட்டு அப்புறம் பில்லைக் கொடுத்து வாங்க வேண்டும். அதுவும் அரசு விகிதப்படிதான் வரும், கட்டியதெல்லாம் வராது.

பிசியோதெரபிக்கும் ரெஃபரல் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பெரிய பாலிகிளினிக்குகளில் பிசியோதெரபிஸ்ட் அங்கேயே இருப்பார். இல்லாத இடத்தில் வெளியே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

பின்னால் ஆபரேஷன் என்று ஆனால் எம்பேனல் மருத்துவமனையில் ஹவில்தார் வரைக்கும் பொது வார்டு, ஜேசிஓக்களுக்கு (நாயிப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை) இரண்டு பேர் அறை. உங்கள் தகுதிக்குள் இருக்கிற சிகிச்சைக்கு மருத்துவமனை உங்களிடம் பணம் கேட்கக் கூடாது, பில் நேரே இசிஎச்எஸ்ஸுக்குப் போகும். பில் பாக்கி நிற்கிறது என்று சில இடங்களில் முகம் சுளிப்பார்கள், தேதியைத் தள்ளிப்போடுவார்கள். கவுண்டரில் சண்டை போடாமல் பாலிகிளினிக் ஓஐசிக்கு (பொறுப்பு அதிகாரிக்கு) எழுதிக் கொடுங்கள், பிரதி ஒன்றை இசிஎச்எஸ் ரீஜனல் சென்டருக்கு அனுப்புங்கள். "நல்ல இம்பிளான்ட் (செயற்கை மூட்டு) போடலாம், வித்தியாசத்தை நீங்கள் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் இம்பிளான்ட் விலைக்கு உச்சவரம்பு போட்டது. வழக்கமாகப் போடும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அன்று வைத்த விலை 54,720 ரூபாய், வரி தனி. லட்சக்கணக்கில் பேச இடமே இல்லை.

கடைசியாக பென்ஷன். போர்டு 20 சதவீதம் போட்டிருக்கிறது என்பதே உங்களுக்குப் பாதி வெற்றி. 20-க்குக் கீழே என்றால் பேச்சே இல்லை. மீதிப் பாதி, காயம் பணியில் பட்டதா என்பது. பிபிஇடி உங்கள் சொந்த விளையாட்டு இல்லை, யூனிட் உத்தரவு போட்டு ஓடவைக்கிற ஓட்டம். டியூட்டியில் பட்ட காயம் சர்வீஸால் வந்தது என்றுதான் விதி சொல்கிறது. அப்படியும் போர்டு மறுத்திருந்தால் பெரும்பாலும் ஃபைலில் இஞ்சுரி ரிப்போர்ட் இருந்திருக்காது, இல்லை யாரும் அதைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே முதல் வேலை காகிதம் தேடுவது. இஞ்சுரி ரிப்போர்ட், கோர்ட் ஆஃப் என்கொயரி (ராணுவ விசாரணை) நடந்திருந்தால் அதன் முடிவு, ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, உடல்தகுதியைக் குறைத்து லோ மெடிக்கல் கேட்டகரி போட்ட தாள்கள், ரிலீஸ் போர்டு நடவடிக்கை முழுவதும். உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு ஆர்டிஐ மனு போடுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்இஜி (மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்) என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரி என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். பழைய ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

காகிதம் வந்ததும் ரெக்கார்டு ஆபீஸ் வழியாக முதல் அப்பீல். ஆறு மாதக் கெடு என்பார்கள், உங்களுக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் எழுதிப் போடுங்கள். அங்கே முடியாவிட்டால் இரண்டாம் அப்பீல், அப்புறம் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம். உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் உங்கள் பக்கம் நிற்கின்றன. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில், படையில் சேரும்போது குறை எதுவும் பதிவாகவில்லை என்றால் பின்னால் வந்ததைச் சர்வீஸால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அரசுதான் என்றார்கள். 2014 டிசம்பர் 10-ல் ராம் அவதார் வழக்கில், சர்வீஸ் காலத்தை முழுதாக முடித்து வந்தவர்களுக்கும் 50-க்குக் கீழே உள்ள ஊனத்தை 50 சதவீதமாக உயர்த்திக் கணக்கிட வேண்டும் என்றார்கள். கணக்கு இப்படி: கடைசிச் சம்பளம் 60,000 என்றால் 100 சதவீத ஊனத்துக்கு அதில் 30 சதவீதம், அதாவது 18,000. உங்கள் 20 சதவீதம் அப்படியே நின்றால் 3,600. 50 ஆக உயர்ந்தால் மாதம் 9,000. 2023 செப்டம்பரில் புது விதிகள் வந்துவிட்டன. அதற்குப் பிறகு ஓய்வு பெற்ற நண்பர்கள் இந்தக் கணக்கைத் தங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

தாமதமாகப் போனால் பழைய பாக்கி முழுதும் கிடைக்காது. 2008-ல் தர்செம் சிங் வழக்கில், வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருஷப் பாக்கிதான் என்று வரையறுத்துவிட்டார்கள். அதனால் நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பாக்கி போகிறது. அப்பீல் எழுத உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், நம் ஆட்கள் இன்னும் சோல்ஜர் போர்டு என்று சொல்கிற இடத்தில், உதவி கேட்கலாம். பாக்கித் தொகையில் இத்தனை பங்கு என்று பேரம் பேசிக்கொண்டு வருகிற ஏஜென்ட்டுகளிடம் டிஸ்சார்ஜ் புக்கின் ஒரிஜினலைக் கொடுத்துவிடாதீர்கள், பிரதி போதும். ஆர்டிஐ பதில் வந்ததும் இஞ்சுரி ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுதுங்கள், அப்பீலை எந்த வரியில் தொடங்குவது என்று பார்ப்போம்.